பெல்ட் மாற்றியாச்சு

மகள் கேட்டது சாதாரணக் கேள்விதான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் அதற்கு மசித்த உருளைக்கிழங்கை ஊட்டியபடி, மறு கையால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்பா, நம்ம வண்டிக்கு டைமிங் பெல்ட் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

அடுப்புக்குப் பக்கத்தில் முட்டை உடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. ஓட்டின் ஒரு துண்டு கிண்ணத்துக்குள் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. மாற்றவில்லை என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அந்தத் தெருவில் அப்பாவுக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். வீட்டின் முன்பக்கம் கார் ரிப்பேர் ஷெட், பின்பக்கம் குடித்தனம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அதன் பிடிக்கு மேலே மாஸ்டரின் கை படுகிற இடம் மட்டும் கறுத்துக் கிடக்கும். சோப்புத் தண்ணீர் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். சமையலறையில் நின்றபடியே ஷெட்டில் என்ன நடக்கிறது என்று அவர் மனைவி சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். டயர் கழற்றுகிறாரா, இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறாரா, வேலை எதுவும் ஓடாமல் சும்மா தட்டிக்கொண்டிருக்கிறாரா, எல்லாம் காது வழியாகவே வந்து சேரும். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் "பன்னெண்டு குடு" என்று ஸ்பேனரைக் கேட்க, இவள் பன்னிரண்டு போல்ட்டை எண்ணிக் கொண்டுபோய்க் கையில் கொட்டிய கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கதையில் மட்டும் இன்றுவரை ஓர் எழுத்துகூட அவருக்குத் தவறியதில்லை. மற்றவற்றைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை.

ரொட்டிக்கடைக்காரரின் வேன் விஷயம் ஒன்று போதும். சரிசெய்து, சாவியைக் கையில் கொடுத்து, கும்பிட்டு அனுப்பிவைத்த வண்டி. மறுநாள் காலையில் அவருக்குப் போன் போட்டு, "வண்டி ரெடி, வந்து எடுத்துக்குங்க" என்றார் மாஸ்டர். அந்த வேனில் வந்திறங்கிய ரொட்டியைத்தான் அப்போது தின்றுகொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். மாஸ்டரும் சமாளித்துச் சிரித்தார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, துணி மடிப்பது எல்லாவற்றையும் ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். உள்ளே புழுக்கமாக இருக்கிறதாம், இங்கேதான் காற்று வருகிறதாம். ஆயில் வாடைக்கு நடுவில் என்ன காற்றோ!

மகள் நர்ஸ். குழந்தை பிறந்த பிறகு விடுப்பு முடிந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேரப் போகிறாள். புருஷன் முன்னாடியே போய் வீடு பிடித்துக் காத்திருக்கிறான். அப்பாவின் சாம்பல் நிறக் காரை அவள் எடுத்துக்கொள்வது என்று பேச்சு. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். முதலில் ஏற்றம், அப்புறம் வளைந்து வளைந்து இறக்கம், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. காலையிலிருந்து மழை வேறு விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

"இங்க என்ன போட்டிருக்கான்னா," என்று மகள் போனைப் பார்த்துப் படித்தாள், "கிலோமீட்டர் கணக்கு ஒண்ணு இருக்கு, வருஷக் கணக்கு ஒண்ணு இருக்கு, ரெண்டுல எது முன்னாடி வருதோ அப்ப மாத்திடணுமாம். வண்டி ஓடாம சும்மா நின்னாலும் மாத்தணுமாம்ப்பா. இது என்னப்பா அநியாயமா இருக்கு?"

"ரப்பர் தானம்மா. நின்னுக்கிட்டே இருந்தா வயசாகாதா?"

மாஸ்டருக்குப் பாடம் நடத்த இடம் கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். இடது கை முஷ்டியைக் கீழே வைத்துக்கொண்டார், வலது கை இரண்டு விரலை மேலே தொங்கவிட்டார். "இது பிஸ்டன். இது வால்வு. ரெண்டு பேருக்கும் இருக்கிறது ஒரே ரூம். இவன் மேல வர்றப்ப அவன் ஒதுங்கிக்கணும். அவன் கீழ வர்றப்ப இவன் இறங்கிடணும். யாரு எப்ப வரணும், யாரு எப்ப போகணும்னு நேரம் பார்த்து அனுப்புறது பெல்ட்டு. அது அறுந்துச்சுன்னு வை, ரெண்டு பேரும் ஒருத்தனையொருத்தன் இடிச்சுக்கிட்டு..." முஷ்டியால் விரல்களைக் குத்தினார். குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது.

"அறுந்துபோறதுக்கு முன்னாடி சத்தம் கித்தம் குடுக்காதா?"

"செயின் போட்ட வண்டின்னா கத்தும். பெல்ட்டு கத்தாது. நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு மாஸ்டர்னு வந்து நிப்பாங்க. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடியிருக்கும். அதுக்கென்ன பண்றது?"

"இறக்கத்துல போறப்ப அறுந்தா?"

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "இஞ்சின் நின்னுடும். ஸ்டீயரிங் இறுகிப்போயிடும். பிரேக் ஒண்ணு ரெண்டு மிதிக்குப் பிடிக்கும், அப்புறம் ஏறி நின்னு மிதிக்கிற மாதிரி மிதிக்கணும். அதெல்லாம் உனக்கு எதுக்கு? அதான் மாத்தியாச்சுங்கிறேன்ல."

"எப்ப மாத்துனீங்க?"

"அன்னைக்கு... மழை கொட்டுச்சே. கரண்டு இல்ல. உங்கம்மாதான் டார்ச் பிடிச்சா."

"அப்படியாம்மா?"

அம்மா கிண்ணத்திலிருந்து முட்டை ஓட்டை விரலால் எடுக்கப் பார்த்தாள். அது வழுக்கி வழுக்கிப் போனது. "ம். பிடிச்சேன்" என்றாள்.

அது பொய் இல்லை. அதுதான் சங்கடம். அவள் டார்ச் பிடித்தது வாஸ்தவம்தான், ஆனால் பிடித்தது வாத்தியாரின் காருக்கு. அடுத்த தெரு வாத்தியாரின் காரும் இதே கம்பெனி, இதே சாம்பல் நிறம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வாத்தியாரே தடுமாறுவார். தங்கள் வண்டிக்கென்று வாங்கி அலமாரியில் வைத்திருந்த பெல்ட்டைத்தான், அவர் வெளியூர் போகிற அவசரத்தில் வந்து நின்றதும், இரக்கப்பட்டு அவருக்கு மாட்டிக் கொடுத்தார் மாஸ்டர். நமக்கு அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அடுத்த வாரம் அவள் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது பெல்ட் பேச்சே எழவில்லை.

மற்றவர் வண்டியாக இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பெல்ட் மாற்றினால், அதை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவர் மேலே எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது, எந்த மாதம் மாற்றியது என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிவிடுவார். யாருக்கும் மறக்கக் கூடாது என்பதற்காகத்தான். தன் வண்டிக்கு மட்டும் எழுதுவதில்லை. நம்ம வண்டி, நாமே மாற்றினது, இதைப் போய் எழுதி வைக்க வேண்டுமா என்று ஒரு திமிர். அவளும் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தாள்.

சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. முட்டையும் வதக்கிய உருளைக்கிழங்கும் சோறும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. மாஸ்டர் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். மகள் மறுபடியும் போனில் புருஷனிடம் எந்த வளைவில் ரோடு சரியில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் அதற்கென்று பெல்ட் வைத்த நாற்காலி ஒன்றைக் காலையிலேயே மாட்டியாகிவிட்டது.

பழைய பெல்ட்டோடு போகிறார்கள் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்பா ஏன் மாற்றியதாகச் சொன்னார்? மகள் விட மாட்டாள். ஆஸ்பத்திரியில் மறதிக்காரர்களிடம் கேட்கிற மாதிரி எதிரே உட்காரவைத்துக் கேட்பாள். இன்றைக்கு என்ன கிழமை, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள். அதற்கு அவர் திணறுவதைப் பார்க்கிற சக்தி அவளுக்கு இல்லை. இத்தனை மாதமாகப் பூசி மெழுகியதெல்லாம் ஒரே மதியத்தில் கொட்டிப்போகும். ஆனால் சொல்லாமல் விட்டு, அந்த இறக்கத்தில்... அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மகள் குழந்தையைத் தூங்கவைக்க உள்ளே போனதும் இவள் ஷெட்டுக்கு வந்தாள். மாஸ்டர் காரின் டிக்கியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை சின்னதாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க."

"அந்தப் பாத்திரப் பெட்டிய எடு. கனமானத அடியில வைக்கணும்."

"ஏங்க, கிளம்புறதுக்கு முன்னாடி அந்த பெல்ட் கவரக் கழட்டி ஒரு தடவ பார்த்துடலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். சின்னக் குழந்தை போகுது. பார்த்துட்டா மனசுக்கு நிம்மதி."

"மாத்தின பெல்ட்ட என்னத்தப் பார்க்கிறது? புதுப்பொண்ணா அது?" அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிமிர்ந்தார். "என்ன, என் வேலையவே செக் பண்றியா நீ?"

"செக் எல்லாம் இல்லீங்க..."

"வேற என்ன? ஊர்ல இருக்கிறவன் எவனும் என்கிட்ட, கழட்டிக் காட்டு, நீ போட்டியா இல்லையான்னு பார்க்கிறேன்னு கேட்டதில்ல. நீ கேக்கிற."

"நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க, பெல்ட் மாத்தினது நிச்சயமாத் தெரியலன்னா மாத்தலன்னே வச்சுக்கங்கன்னு."

"தெரியாதவனுக்குச் சொல்றது அது. எனக்குத்தான் தெரியுமே! நீ டார்ச் பிடிச்ச, நான் மாத்தினேன். உனக்குக் கை வலிச்சுதுன்னு கை மாத்தி மாத்திப் பிடிச்ச. அதுகூட ஞாபகம் இருக்கு எனக்கு."

சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"அது வாத்தியார் வண்டிங்க."

"எது?"

"நான் டார்ச் பிடிச்சது வாத்தியார் வண்டிக்கு. அவரு அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, மணியாச்சு மணியாச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்ககூட, மணிய நீங்க பாருங்க சார், வால்வ நான் பார்க்கிறேன்னு கிண்டல் பண்ணீங்க. நமக்கு வாங்கி வச்சிருந்தத அவருக்குப் போட்டீங்க."

மாஸ்டர் டிக்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். இருட்டில் கதவு தேடுகிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். ஏன்தான் சொன்னோமோ என்றாகிவிட்டது அவளுக்கு.

"வாத்தியாருக்கும் போட்டேன்" என்றார் மெதுவாக. "நமக்கும் போட்டேன்."

"நமக்கு எப்பங்க போட்டீங்க?"

"போட்டேன்."

"அதான் எப்பன்னு..."

"போட்டேங்கிறேன்ல!" சத்தம் ஏறிவிட்டது. உள்ளே குழந்தை சிணுங்கியது. அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல், "கொஞ்ச நாளாவே நீ இங்கதான் வெங்காயம் உரிக்கிற" என்றார்.

"உள்ள புழுக்கமா..."

"ஷெட்டுல பெட்ரோல் வாடை. வெங்காயம் உரிக்கிற இடமா இது? நான் என்ன அவ்வளவு மடையனா? எனக்குக் காவல் உக்காந்திருக்கேன்னு சொல்லிட்டுப் போயேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கு வெங்காயத்தின் மேல் பழி போட முடியவில்லை. "பயமா இருக்குங்க" என்றாள்.

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றார் அவர்.

மழைத்தண்ணீர் கூரை ஓரத்திலிருந்து ஒரு பழைய பெயின்ட் டப்பாவுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சத்தம்? இப்பத்தான் அவள தூங்க வச்சேன்."

"ஒண்ணுமில்லம்மா, பெட்டி வைக்கிறதப் பத்தி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"பெல்ட் மாத்தலங்கிறா உங்கம்மா" என்றார் மாஸ்டர். "மாத்தினேங்கிறேன் நான். கழட்டிப் பார்த்துடலாம். வா, வந்து நில்லு நீயும். யாரு சொல்றது சரின்னு நீயே பாரு."

அம்மாவுக்கு இப்போது கழற்றாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. பெல்ட் வேண்டுமானால் பழசாக இருக்கட்டும், இரண்டு நாள் தள்ளிப் போகட்டும், மகளை வேறு வண்டியில் அனுப்பட்டும். மகளின் கண் எதிரே மட்டும் அவர் மறதி வெளியே வர வேண்டாம். ஆனால் அவர் அதற்குள் பானெட்டைத் தூக்கிக் கம்பியைச் செருகிவிட்டார். மகள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நர்ஸ் வேலையில் பழகிய பார்வை அது.

"பத்து" என்று கையை நீட்டினார்.

மனைவி பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அதில் வைத்தாள். அந்தக் கை தடுமாறவில்லை. வேலையில் இறங்கிவிட்டால் அந்தக் கைகளுக்கு எதுவும் மறப்பதில்லை. குனிந்து, பார்க்காமலே போல்ட் இருக்கிற இடத்தைத் தொட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் உள்ளங்கையில் போட்டார். கடைசிப் போல்ட் ஒளிந்துகொண்டிருக்கிற மூலைக்குக் கையைத் திருப்பி உள்ளே விட்டார். கவர் டக்கென்று விடுபட்டு வெளியே வந்தது.

மகள்தான் போன் வெளிச்சத்தைக் காட்டினாள்.

பெல்ட் கறுப்பாக, கெட்டியாக, புத்தம் புதிதாக இருந்தது. முதுகில் அச்சடித்த வெள்ளை எழுத்துகூட இன்னும் அழியவில்லை. விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒரு வெடிப்பு தென்படாது.

"புதுசுதாம்மா!" என்றாள் மகள்.

"யாரு வேல!" என்றார் மாஸ்டர்.

அம்மா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி தோள் குலுங்க நின்றாள். தப்பாக நினைத்தது அவள்தான். அவருக்கு ஒன்றும் இல்லை. வயதானால் யாருக்குத்தான் எதுதான் மறக்கவில்லை? ரொட்டிக்கடைக்காரரின் வேன் ஒரு தடவை, அவ்வளவுதானே.

"இப்ப ஞாபகம் வந்துடுச்சு" என்றார் அவர். முகம் தெளிந்துவிட்டது. "நீ பிரசவத்துக்குப் போயிருந்தல்ல, அப்பத்தான் வாங்கிட்டு வந்து போட்டேன். ஒத்த ஆளா. டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு. பல்லு வலிச்சுது."

"அதச் சொல்றதுக்கு என்ன? நான் இங்க செத்துச் செத்துப் பொழைக்கிறேன்."

"நீ சந்தேகப்பட்டதுக்கு ஒரு டீ போடு. சர்க்கரை தூக்கலா."

"அப்பா, அப்படியே நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புறேன். காலையில இருந்து பெல்ட் பெல்ட்டுன்னு உயிர எடுக்கிறாரு." மகள் போனைத் திருப்பினாள். "அந்த மஞ்சக் கோடு என்னப்பா?"

"அதுவா? இறுக்கின போல்ட்டுக்கு அடையாளம். ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கி முடிச்சதும் தலையில இருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சப் பெயின்ட்டுல ஒரு கோடு இழுத்துடுவேன். பின்னாடி போல்ட் அசைஞ்சா கோடு விலகிடும், பார்த்தவுடனே தெரிஞ்சுடும். இது பெல்ட்ட இழுத்துப் பிடிச்சிருக்கிற சக்கரம். டென்ஷனர். இந்த போல்ட்டுதான் எல்லாத்துக்கும்..."

சொல்லிக்கொண்டே அந்தப் போல்ட்டின் மேல் விரலை வைத்தார். காட்டுவதற்காகத்தான் வைத்தார். அது திரும்பியது.

இரும்பு ஸ்பேனர் போட்டு, கையை ஊன்றி இறுக்க வேண்டிய போல்ட், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பாட்டில் மூடி மாதிரி சுலபமாகத் திரும்பியது. அதுவரை நேராக இருந்த மஞ்சள் கோடு இரண்டாக விலகியது. உள்ளே இருந்த ஒரு சின்ன ஸ்பிரிங்தான் இத்தனை நாளும் அந்தச் சக்கரத்தை இழுத்துப் பிடித்திருந்திருக்கிறது. இறுக்கவே இல்லை. இறுக்காமலே கோடு போட்டிருக்கிறார்.

மகள் போட்டோவில் மும்முரமாக இருந்தாள். மனைவி பார்த்துவிட்டாள். அவர் விரலை எடுக்காமல் அவளைப் பார்த்தார்.

"சரி, மூடுங்கப்பா. மழை பலமாகிறதுக்குள்ள கிளம்பிடுறேன்" என்றாள் மகள்.

அவர் கையை நீட்டினார். "பதினாலு." மனைவி எடுத்துக் கொடுத்தாள். அவர் இறுக்கினார். ஸ்பேனர் பாதிச் சுற்றுக்கு மேல் வந்தது, அதற்கப்புறமும் வந்தது, அப்புறம்தான் பிடித்து நின்றது. அந்தச் சத்தம் மகளைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"என்னப்பா இறுக்குறீங்க? இறுக்கினதுன்னு சொன்னீங்களே?"

"அது சும்மாம்மா, ஒரு தடவை சரிபார்த்துக்கிறாரு" என்று அம்மாவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பழக்கம். இத்தனை மாதமாக இதையேதான் விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் சொல்லிவிடலாம். போல்ட்டும் இறுகிவிட்டது. கவரை மூடினால் மகள் சந்தோஷமாகப் போய்ச் சேருவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"லூஸா இருந்துச்சு" என்றார் மாஸ்டர்.

மகள் போனைக் கீழே இறக்கினாள்.

"இறுக்காமலே கோடு போட்டிருக்கேன். இந்த மலையேறி இறங்கியிருந்தா ரெண்டாவது வளைவுல கழண்டு விழுந்திருக்கும்." ஸ்பேனரை வைக்க இடம் தேடுகிறவர் போலச் சுற்றிப் பார்த்தார். மனைவி கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நல்லவேளை, கேட்ட."

மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, உக்காருங்க. இது எத்தன நாளா இருக்கு?"

"உங்கம்மாவக் கேளு. அவளுக்குத்தான் கணக்குத் தெரியும்." அவர் உட்காரவில்லை. நெற்றியைத் தேய்த்தபடி மனைவி பக்கம் திரும்பினார். "அதவிடு. நீ ஊர்ல இல்லாத அந்த ரெண்டு மாசம் நான் வேற யாரு யாருக்கு பெல்ட் போட்டேன்?"

அவள் விழித்தாள். "எனக்கெப்படிங்க தெரியும்? நான்தான் இல்லையே."

"யோசிச்சுச் சொல்லு."

"நான் இல்லைங்க அப்ப."

"எனக்கு ஞாபகம் வரல. யோசிச்சா வாத்தியார்தான் வந்து ஸ்டூல்ல உக்காந்துக்கிறாரு. யாராவது உன்கிட்டச் சொல்லியிருப்பாங்க. திரும்பி வந்தப்ப, அக்கா, மாஸ்டரு ஒத்த ஆளா எனக்கு வேல பார்த்துக் குடுத்தாருன்னு யாராவது..."

அவள் கையிலிருந்த போல்ட்டுகள் கீழே விழுந்து உருண்டன. சொல்லியிருந்தார்கள். குழந்தையின் எடை என்ன, யார் ஜாடை என்று விசாரித்துவிட்டு, பெருமையாகச் சொல்லிவிட்டுப் போன ஒரே ஓர் ஆள்.

"ஸ்கூல் வேன்" என்றாள்.

மணி என்ன என்று யாரும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம்தான். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, மேட்டு வீதியில் ஏறி இறங்கிப் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிடுகிற வண்டி. இந்தத் தெருவுக்கே ஆறேழு பிள்ளைகள் அதில்தான் வந்து இறங்கும். மகள் தன் போனை நீட்டினாள். நம்பர் அம்மாவுக்கு மனப்பாடம். அவள்தான் அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வேன்காரன் ஓட்டிக்கொண்டிருந்தால் எடுக்க மாட்டான், நல்ல பிள்ளை. அவள் மறுபடியும் அழுத்தினாள். அவசரத்தில் ஓர் எண் தப்பியது, அழித்துத் திரும்பப் போட்டாள். மாஸ்டர் தெரு முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எடுத்துவிட்டான். மாஸ்டர் போனை வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரில் பிள்ளைகளின் கூச்சல் முதலில் வந்தது.

"யாருங்க?"

"நான்தாம்பா, மாஸ்டர். எங்க இருக்க?"

"ஸ்கூல் வாசல்லதான் மாஸ்டர். ஏய், ஜன்னல்ல கைய விடாத! எல்லாரும் ஏறிட்டாங்க, கிளம்பிக்கிட்டே இருக்கேன். சொல்லுங்க."

"கிளம்பாத. இஞ்சின ஆஃப் பண்ணு."

"ஏன் மாஸ்டர்?"

மனைவி போனுக்குக் கையை நீட்டினாள். குரலைத் தாழ்த்தி, "குடுங்க, நான் பேசுறேன். பார்ட்ஸ்ல ஏதோ கோளாறாம், கம்பெனியில சொன்னாங்கன்னு சொல்லிக்கலாம். உங்க பேரு கெட வேணாம்" என்றாள். அவர் போனை அவளுக்கு எட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"உன் வண்டிக்கு பெல்ட் போட்டேன்ல தம்பி, அதுல போல்ட்ட இறுக்கினேனா இல்லையான்னு எனக்கு நிச்சயமில்ல. எனக்கு மறதி வந்துடுச்சுப்பா. என் வண்டிக்கே இறுக்காம விட்டிருக்கேன். இப்பத்தான் பார்த்தேன். பிள்ளைங்கள இறக்கி உள்ள உக்கார வை. நாங்க வர்றோம்."

அந்தப் பக்கம் இஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது. பிள்ளைகள் ஏன் ஏன் என்று கேட்பது கேட்டது. வேன்காரன் மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது.

"நான் அன்னைக்கே நெனச்சேன் மாஸ்டர்."

"என்னத்த?"

"பக்கத்துலதானே நின்னேன். போல்ட்ட மாட்டினீங்க, ஸ்பேனரத் தேடுனீங்க. கிடைக்கல. பெயின்ட் டப்பா கையில வந்துச்சு, கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டீங்க. இறுக்கலையே மாஸ்டர்னு கேக்க வாயெடுத்தேன். உங்ககிட்டப் போய் நான் எப்படிக் கேக்கிறதுன்னு... உங்களுக்குத் தெரியாதது எனக்கா தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்."

மகள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கேட்டிருக்கணும்பா" என்றார் மாஸ்டர்.

"ஆமாங்க மாஸ்டர்."

"கேட்டிருக்கணும்." இந்தத் தடவை அதை அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கீழே சிதறிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவர் கவரைப் பிடித்துக்கொள்ள, அவளே மாட்டி, அவளே பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டாள். ஒன்றை இறுக்கியதும் நிறுத்தி, "இறுக்கியாச்சா?" என்று கேட்டாள்.

அவர் ஸ்பேனரை வாங்கி இழுத்துப் பார்த்தார். "இறுக்கியாச்சு" என்றார்.

அவள் அடுத்த போல்ட்டை எடுத்தாள். மகள் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, டிக்கியிலிருந்த பெட்டிகளை ஒரு கையாலேயே கீழே இறக்கி வைத்து, டூல்ஸ் பெட்டிக்கு இடம் பண்ண ஆரம்பித்தாள்.